விமானி எமி ஜான்ஸன் அம்மையார்

1938-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தின் நடுப்பகுதியிலுள்ள வால்ஸால் நகரத்து விமானத் திடலில் ஒரு பறக்கும் காட்சி நடைபெற்றது. குதிரைச் சேணத்துக்கும் தோல் வேலைக்கும் பெயர் பெற்ற தொழில் நகரம் அது. அன்று அங்கே கிளைடர் என்னும் எஞ்சின் இல்லாத விமானத்தை ஓட்டிக் காண்பித்தவர்களுள் ஒருவர் முப்பத்தைந்து வயதை எட்டிய ஒரு பெண்மணி. வானில் தம் வித்தையைக் காட்டி முடித்துத் தரைக்கு வந்த தறுவாயில் அவருடைய கிளைடர் நிலை தவறித் தலைகீழாகப் புரண்டது. தெய்வாதீனமாக அம்மையாருக்குப் பெரிய காயம் ஒன்றும் நேரவில்லை. வேறொருவருக்கு இது நேர்ந்திருந்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரிகளோடு முடிந்திருக்கும். புரண்ட கிளைடரிலிருந்து வெளிவந்தவர் எமி ஜான்ஸன் என்பதால் அது வரலாற்றில் பதிவாகிவிட்டது.

இச்சிறு விபத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எமி ஜான்ஸனுடைய புகழை எழுதியவர்கள் அவர் ஏறிப் பறந்த தூரங்களையே எண்ணிக் காட்டினார்கள். அவரிடம் குறை கண்டவர்கள் அவர் இறங்கிய இடங்களையே எண்ணிக் காட்டினார்கள். இரண்டு கணக்கும் பொய்யல்ல. ஆயினும் இறங்குவதில் நேர்ந்த இடர்களுக்கு நடுவேதான் அவருடைய உண்மையான பெருமை இருக்கிறது என்பது நமது எண்ணம். இரயில்வேயில் உழைப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குறித்த நேரத்தில் வந்து சேர்ந்த வண்டிக்குக் கோப்பு கிடையாது. தடம் புரண்ட வண்டிக்கோ அலமாரி கொள்ளாத கோப்பு உண்டு.

ஜாதவ்பூர்த் தமிழன்பர்களுக்கு இந்த அம்மையார் முற்றிலும் அந்நியரும் அல்லர். 1930-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி அவர் தன்னந்தனியாக வந்து இறங்கிய இடங்களுள் நம் டம்டம் ஒன்று. இன்று ஸியால்டாவில் வண்டி மாறி நாம் போகிற அதே டம்டம்தான்.

எமி 1903-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இங்கிலாந்தின் கீழ்க்கரையில் உள்ள ஹல் துறைமுகத்தில் பிறந்தார். தந்தையார் ஜான் வில்லியம் ஜான்ஸன் மீன் வியாபாரி. வடகடலில் பிடித்த மீனைப் பனிக்கட்டியிட்டு இரயிலேற்றி ஊரூராக அனுப்பும் வணிகம் ஹல் நகரத்தில் அந்நாளில் ஓங்கியிருந்தது. ஹௌராவிலும் ஸியால்டாவிலும் விடியற்காலையில் மீன் கூடைகள் இறங்குவதைப் பார்த்திருக்கும் நமக்கு அந்த வணிகத்தின் அவசரத்தை விவரிக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் நான்கும் பெண்கள், எமி மூத்தவர். ஷெபீல்டு சர்வகலாசாலையில் பொருளாதாரம் பயின்று 1925-இல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் காரியதரிசியாக அமர்ந்தார்.

பட்டம் பெற்ற பெண் சம்பாதிக்கிறாள், இனி வரன் பார்க்க வேண்டியதுதான் என்று நம் குடும்பங்களில் நினைப்பது போலவே அங்கும் நினைத்திருப்பார்கள். அவரோ லண்டனுக்கு அருகில் ஸ்டாக் லேன் என்னுமிடத்திலிருந்த லண்டன் விமானச் சங்கத்தில் சேர்ந்தார். அங்கு அவர் பிறவி மேதையாக விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. தனியாகப் பறக்க அனுமதி பெறுவதற்குமுன் அவருக்கு ஏறக்குறைய 16 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது. அவருடன் பயின்றவர்களில் பலர் அதைவிடக் குறைவான நேரத்திலேயே தனித்துப் பறந்தவர்கள். 1929 ஜூலை மாதத்தில் விமானி உரிமம் கிடைத்தது. அதே ஆண்டில் அவருடைய தங்கை ஐரீன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரத்துக்கு நடுவிலும் எமி திடலுக்குப் போவதை நிறுத்தவில்லை.

பறக்கக் கற்றதோடு அவர் நிற்கவுமில்லை. வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் சங்கத்தின் பட்டறைக்குச் சென்று, தலைமை எஞ்சினியர் ஜாக் ஹம்ப்ரீஸ் என்பவரிடம் எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொண்டார். முழங்கை வரை எண்ணெயும் கரியும் படிய உழைத்து, அந்த ஆண்டு முடிவதற்குள் விமானங்களைப் பழுதுபார்த்துச் சான்றளிக்கும் தரை எஞ்சினியர் உரிமத்தைப் பெற்றார். அத்தகைய உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்மணி அவரே. பின்னாளில், 1935 முதல் 1937 வரை, பெண் எஞ்சினியர்களின் சங்கத்துக்கு அவர் தலைவராகவும் இருந்தார். நம்மைக் கேட்டால் அவருடைய விமானி உரிமத்தைவிட இந்த எஞ்சினியர் உரிமத்தையே பெரிதென்போம். ஏன் என்பது ஜான்ஸியிலும் இன்சீனிலும் தெரியவரும்.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தனியாகப் பறப்பது என்று அவர் தீர்மானித்தார். அதற்குமுன் அவர் தனித்துப் பறந்த மிக நீண்ட பிரயாணம் லண்டனிலிருந்து பிறந்த ஊரான ஹல் வரையில்தான். மொத்த அனுபவமே 85 மணி நேர அளவு. பணம் வேண்டுமே! தந்தையார் பாதியும், எண்ணெய் வணிகப் பிரபுவான வேக்பீல்டு பாதியுமாகக் கொடுத்து, 600 பவுன் விலையில் பழைய ஜிப்ஸி மாத் விமானம் ஒன்று வாங்கப்பட்டது. மேலே கூரையில்லாத இருக்கை. 100 குதிரைச் சக்தி எஞ்சின். மரச்சட்டத்தின்மீது துணியைப் போர்த்திப் பசைப்பூச்சுப் பூசிய இறக்கைகள். தந்தையாரின் மீன் வியாபாரத்து வணிக முத்திரையாகிய ஜேஸன் என்பதே அதற்குப் பெயராயிற்று. ஒரு மகளைப் பறிகொடுத்த சில மாதங்களுக்குள் மற்றொரு மகளின் உயிருக்கு உலை வைக்கக்கூடிய முயற்சிக்குப் பணம் எண்ணிக் கொடுத்தாரே, அந்தத் தந்தையின் நெஞ்சத்தைப் பற்றி யாரும் தனியாக ஒரு நூல் எழுதியிருந்தால் நாம் விரும்பிப் படிப்போம்.

1930-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி காலையில் லண்டனை அடுத்த கிராய்டன் திடலிலிருந்து ஜேஸன் புறப்பட்டது. அந்தத் தேதியை நம்மவர்கள் வேறொரு காரணத்தால் அறிவார்கள். உப்புச் சத்தியாக்கிரகத்தை நடத்தி வந்த காந்தியடிகள் கராடி கிராமத்தில் கைது செய்யப்பட்டது மே 4-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து 5-ஆம் தேதி பிறந்த வேளையில். அதற்கு ஐந்து நாள் முன்னதாக வேதாரண்யத்தில் இராஜாஜி கைதாகியிருந்தார். ஏப்ரல் 18-இல் இதே வங்கத்தில் சிட்டகாங் ஆயுதசாலை தாக்கப்பட்டது. இப்படி நாடெங்கும் கொந்தளித்திருந்த நேரத்தில் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் நம் தலைக்குமேல் பறந்து சென்றதைக் கொண்டாடுவது தகுமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அவருடைய வெற்றியைச் சாம்ராஜ்யத்தின் வெற்றியாகப் பறையடித்தவர்கள் இருந்தார்கள். அவர் டார்வினில் இறங்கிய நாளும் சாம்ராஜ்ய தினமாகவே வாய்த்தது. அந்தப் பறையொலியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜேஸனைச் செப்பனிட்டு மேலே அனுப்பிய கைகளில் பல ஆசியக் கைகள் என்பதையும், அந்தப் பெண் அக்கைகளோடு சேர்ந்து தாமும் எண்ணெய்க் கையராக நின்றார் என்பதையும் எடுத்துக்கொள்வோம்.

வியன்னா, கான்ஸ்டாண்டினோபிள், அலெப்போ என்று ஒவ்வொரு நாளும் ஒரு தலம். பாக்தாதை நெருங்கும்போது பாலைவனத்து மணற்புயலில் அகப்பட்டு இறங்க நேர்ந்தது. விமானத்தைக் காற்று தூக்கிச் செல்லாதபடி சக்கரங்களுக்குத் தம் மூட்டை முடிச்சுகளை அண்டைக் கொடுத்து, கைத்துப்பாக்கியோடு காவலிருந்தார். பாக்தாதில் இறங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கால் முறிந்தது. அதைச் சரிசெய்துகொண்டு மே 10-ஆம் தேதி கராச்சி சேர்ந்தார். ஆறே நாள்! லண்டனிலிருந்து கராச்சி வருவதற்கு அதுவரை யாருக்கும் தனியே அவ்வளவு குறைந்த காலம் போதியதில்லை. அதுவரை அவரைக் கவனியாதிருந்த பத்திரிகைகள் அன்றுதான் கண் திறந்தன.

மறுநாள் கராச்சியிலிருந்து அலகாபாத் நோக்கிப் பறந்தார். எதிர்காற்றில் பெட்ரோல் தீர்ந்துபோகவே, ஜான்ஸியில் படைவீரர் அணிவகுக்கும் மைதானத்தில் இறங்கினார். வீரர்கள் நாலாபுறமும் சிதறி ஓட, ஜேஸன் படைக்குடியிருப்புக் கட்டடங்களுக்கிடையே போய் முட்டி நின்றது. இறக்கைக்குச் சேதம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வகை விமானத்தின் சக்கரங்களுக்குத் தடை கிடையாது, அதாவது பிரேக் இல்லை. வாலின் அடியில் உள்ள ஒரு கட்டை தரையில் உராய்ந்துதான் ஓட்டம் அடங்க வேண்டும். அதற்கு மேல் நீண்ட பிரயாணத்துக்காக ஏற்றிய பெட்ரோல் தொட்டிகளும் உபகரணங்களும் சேர்ந்த சுமை. அகன்ற விமானத் திடலில் இவையெல்லாம் தெரிவதில்லை. அணிவகுப்பு மைதானத்திலும் விளையாட்டு மைதானத்திலும் இறங்கும்போது தெரிந்துவிடும். வேகம் தணியாத பாரவண்டியைக் கைத்தடை இல்லாமல் முட்டுத்தாங்கிக்கு முன்பாக நிறுத்தச் சொன்னால் எப்படியோ அப்படி. எமி சற்று அதிக வேகத்தோடும் தூரத்தோடும் இறங்கிவிடுகிறவர் என்பது உண்மை. அதற்கு அவர் வந்து விழுந்த இடங்களின் குறுக்கமும் ஒரு காரணம் என்பதும் உண்மை.

ஜான்ஸியில் இறக்கையின் மரத்தையும் துணியையும் உள்ளூர்க் கைவினைஞர்களே செப்பனிட்டார்கள். மறுநாள் அலகாபாத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, கங்கைக் கரையோடு கிழக்கே வந்து, 12-ஆம் தேதி நம் கல்கத்தாவை அடைந்தார். டம்டமில் யாதொரு இடையூறுமின்றி இறங்கினார். ஆகையால் டம்டமைப் பற்றி எழுதியவர்கள் குறைவு!

13-ஆம் தேதி காலை கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டவர், கருமேகமும் மழையும் மறைத்த ஆரக்கான் கரையோரமாக ரங்கூனுக்குப் போனார். அந்நாளில் பர்மா இந்தியாவோடு சேர்ந்த மாகாணம்; தனியே பிரிந்தது 1937-இல். இன்று கல்கத்தாவிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் ரங்கூனை அறியாத குடும்பம் அரிது. 1942-இல் அங்கிருந்து மலையும் காடும் நடந்து வங்கம் வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் நம் காலனிகளில் இருக்கிறார்கள். எமி இறங்க நினைத்தது ரங்கூன் குதிரைப் பந்தயத் திடலில். மழைத் திரையில் அது கண்ணுக்கு அகப்படவில்லை. சில மைல் வடக்கே இன்சீன் ஊரில் திறந்தவெளி ஒன்று தெரிய, அதில் இறங்கினார். அது அரசாங்கத் தொழிற்பள்ளியின் விளையாட்டு மைதானம். இறங்கிய வேகத்தில் ஜேஸன் பந்தாட்டக் கம்பங்களைக் கடந்து அப்பாலிருந்த பள்ளத்தில் மூக்குக் குப்புற விழுந்தது. முன்சுழலி உடைந்தது, இறக்கை கிழிந்தது, சக்கரக் கால் வளைந்தது.

ஹிங்க்லர் என்னும் ஆஸ்திரேலியர் 1928-இல் இதே வழியை 15½ நாளில் கடந்திருந்தார். அன்றுவரை எமி அவரைவிட முந்தியிருந்தார். இன்சீன் பள்ளத்தில் அந்த முந்தல் முடிந்துபோயிற்று. சோர்ந்து உட்கார்ந்து அழுதிருந்தாலும் குற்றம் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆனால் விழுந்த இடம் தொழிற்பள்ளியாக அமைந்ததே! பட்டறை உண்டு, கம்மியர் உண்டு, ஆசிரியரும் மாணவரும் உண்டு. நம் ஜாதவ்பூரிலும் தேசியக் கல்விக் கழகத்தாரின் தொழிற்கல்லூரிப் பட்டறைகள் அந்த ஆண்டுகளில் இயங்கி வந்தன. அத்தகைய ஓரிடத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் இன்சீனில் நடந்ததை நாம் கண்முன் காணலாம். வளைந்த இரும்பைப் பட்டறையில் காய்ச்சி நிமிர்த்தினார்கள். உடைந்த மரச்சட்டங்களுக்கு மாற்றுச் சட்டம் இழைத்தார்கள். இறக்கைக்குத் துணி வேண்டுமே! முதல் உலகப் போர் முடிந்தபின் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அவ்வூரில் சிலரிடம் இருந்தன. அச்சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். துணியை விறைப்பாக்கும் பூச்சை மருந்து வியாபாரி கலந்து கொடுத்தார். முன்சுழலி மட்டும் எமியிடமே மாற்று ஒன்று இருந்தது. புறப்படும்போதே அதை விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எஞ்சினை அவர் தம் கையாலேயே கழற்றிச் சோதித்தார். பிறகு விமானத்தைச் சாலை வழியே ரங்கூன் பந்தயத் திடலுக்குக் கொண்டு சென்று, 16-ஆம் தேதி பாங்காக்கை நோக்கிக் கிளம்பினார்.

இந்த இடத்தில்தான் அந்தத் தரை எஞ்சினியர் உரிமம் பேசுகிறது. அழகாக இறங்குகிறவர் பலர் உண்டு. உடைந்த விமானத்தை மூன்று நாளில், அந்நிய ஊரில், சட்டைத் துணியைக் கொண்டு பறக்கச் செய்கிறவர் எத்தனை பேர்?

ஜாவா தீவில் மீண்டும் வழியில் இறங்க நேர்ந்தபோது தரையில் நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கைத் துணியைக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டி மேலே போனார். தைமூர்த் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நடுவே 500 மைல் கடல். கீழே ஒரு கப்பலைக் கண்டதே பெரிய ஆறுதல். மே 24-ஆம் தேதி பிற்பகலில் டார்வின் நகரில் ஜேஸன் இறங்கியது. 11,000 மைல், அதாவது ஹௌராவிலிருந்து சென்னை சென்டிரல் வரையுள்ள தூரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், 19½ நாளில் முடிந்தது. ஹிங்க்லரின் காலத்தை வெல்லவில்லை. எனினும் தன்னந்தனியே ஆஸ்திரேலியா வரை பறந்த முதல் பெண் என்ற புகழுக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை. ஐந்து நாள் கழித்து, மே 29-இல், பிரிஸ்பேன் நகரத்து ஜனத்திரளின் கண்முன்னே திடலைத் தாண்டி ஓடி ஜேஸன் கவிழ்ந்தது. அம்மையார் காயமின்றித் தப்பினார். பாலைவனத்திலும் பருவமழையிலும் நடுக்கடலிலும் பிழைத்து, வரவேற்புக்குக் கூடிய கூட்டத்தின் நடுவில் புரண்டது என்பது விதியின் விளையாட்டே.

பட்டமும் பதக்கமும் வந்தன. ஒரு லண்டன் பத்திரிகை 10,000 பவுன் கொடுத்தது. ஊர் ஊராகக் காட்சி தருவதற்கு அவரை அழைத்துச் சென்றார்கள். இருபத்தேழு வயதுப் பெண்ணின் நரம்புகள் அந்தப் புகழைத் தாங்கமாட்டாமல் தளர்ந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். காட்சிச் சுற்றுப் பிரயாணம் இடையிலேயே நின்றுவிட்டது. 1931-இல் தம் பழைய ஆசான் ஹம்ப்ரீஸை உடனழைத்துக்கொண்டு மாஸ்கோ வழியாக டோக்கியோ வரை பறந்து புதிய கால அளவை நிறுவினார். 1932-இல் ஸ்காட்லாந்து விமானி ஜிம் மாலிஸனை மணந்தார். அந்த ஆண்டே லண்டனிலிருந்து கேப்டவுனுக்குத் தனியே பறந்து, முறியடித்தது யாருடைய கால அளவை என்றால், கணவருடையதை! இல்லறத்தில் அதனால் இனிமை கூடியிராது.

1933 ஜூலையில் தம்பதிகள் இருவரும் வேல்ஸ் கடற்கரையிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க்கை நோக்கிப் பறந்தார்கள். பெட்ரோல் தீரும் நிலையில், நியூயார்க்குக்கு எட்டும் தூரத்திலிருந்த பிரிட்ஜ்போர்ட்டில் இருட்டில் இறங்கும்போது விமானம் நொறுங்கி இருவரும் காயமுற்றார்கள்.

1934-ஆம் ஆண்டுப் பந்தயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் நாட்டிலேயே முடிந்தது. இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்ன் வரை அக்டோபர் 20-ஆம் தேதி தொடங்கிய பெரும் பந்தயம் அது. மாலிஸன் தம்பதிகள் காமெட் என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தில் பாக்தாதில் மட்டும் நின்று, யாரும் அதுவரை வந்திராத வேகத்தில் கராச்சி வந்து சேர்ந்தார்கள். அதன்பின் வழி தவறி ஜபல்பூரில் இறங்கினார்கள். விமானத்துக்குரிய உயர்தரப் பெட்ரோல் அவ்வூரில் இல்லை. பஸ் கம்பெனியின் பெட்ரோலை வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். உயர்ந்த அழுத்தத்தில் ஓடும் எஞ்சினுக்குத் தாழ்ந்த தர எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. உரிய கணத்துக்குமுன் தானே வெடித்துப் பிஸ்டனைச் சுட்டுவிடும். அலகாபாத்தில் இறங்கியபோது எஞ்சின் கெட்டிருந்தது; பந்தயத்தை விட்டுவிட்டார்கள். வேறொரு காமெட் விமானத்தில் பறந்த ஸ்காட்டும் பிளாக்கும் 71 மணி நேரத்தில் மெல்போர்ன் சேர்ந்து வென்றார்கள். எஞ்சினை நன்கறிந்த எமி அந்தப் பெட்ரோலை ஊற்றச் சம்மதித்தது எப்படி என்பது நமக்கு இன்றும் வியப்பே. பந்தய வெறி நிபுணர்களையும் விடுவதில்லை போலும்.

1936-இல் கேப்டவுன் பிரயாணக் கால அளவை மீண்டும் தமதாக்கிக்கொண்டார். அதுவே அவருடைய கடைசிச் சாதனைப் பயணம். ஆகாயக் கப்பல்போல் பெரிய விமானங்கள் காலஅட்டவணைப்படி ஓடத் தொடங்கிய பிறகு தனிவிமானியின் சாதனைக்கு மதிப்புக் குறைந்தது. 1938-இல் மண வாழ்க்கையும் சட்டப்படி முறிந்தது. இந்தக் காலத்தில்தான் அவர் மனம் கிளைடர் பக்கம் திரும்பியது.

கிளைடருக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஜெர்மானியரான ஓட்டோ லிலியென்டால் குன்றுகளிலிருந்து சறுக்கிப் பறந்து நூற்றுக்கணக்கான முறை வென்று, 1896 ஆகஸ்டில் விழுந்து மறுநாள் மாண்டார். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு எஞ்சின் விமானங்கள் தடுக்கப்பட்டபோது, அந்நாட்டு இளைஞர்கள் 1920-இல் வாஸர்குப்பே மலையில் கிளைடர் போட்டியைத் தொடங்கினார்கள். முதற்போட்டியிலேயே ஓர் உயிர் பலியாயிற்று. 1922 அக்டோபரில் இங்கிலாந்தின் இட்போர்டு குன்றில் நடந்த போட்டியில் மானெய்ரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் 3 மணி 21 நிமிடம் வானில் நின்று 1,000 பவுன் பரிசை வென்றார். நம் நாட்டிலும், 1959-இல் ஜெர்மானியப் பெண் விமானி ஹன்னா ரைட்ஷ் தில்லியில் பண்டித நேருவைக் கிளைடரில் ஏற்றிப் பறந்தார்.

எஞ்சின் இல்லாமல் எப்படி மேலே நிற்கிறது? விசுவகர்மா பூசையன்று நம் ஜாதவ்பூர் மாடிகளில் காற்றாடி விடும் பிள்ளைகளுக்கு இது பாதி தெரியும். மீதியைப் பருந்து சொல்லிக் கொடுக்கும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக் காற்று தூண்போல் எழுகிறது. பருந்து சிறகசைக்காமல் அதற்குள் வட்டமிட்டு ஏறுகிறது. குன்றின் சரிவில் மோதும் காற்றும் மேல்நோக்கித் திரும்புகிறது. கிளைடர் ஓட்டுகிறவர் இவ்விரண்டையும் தேடிப் பிடித்து, கிடைக்கும் உயரத்தைச் செலவழித்து முன்னே போகிறார். உயரமே அவருடைய கையிருப்பு. ஆகையால் இறங்குவது இங்கே இன்னும் கண்டிப்பான காரியம். எஞ்சின் விமானத்தில் கணக்குப் பிசகினால் விசையைக் கூட்டி மேலெழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரலாம். கிளைடரில் மறுபடி என்பது இல்லை. எவ்வளவு உயரத்தில் திரும்புவது, எந்த வேகத்தில் அணுகுவது, தரைக்கு அருகில் காற்று திடீரெனத் தளர்ந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் முன்னதாகவே தீர்மானித்து, ஒரே தடவையில் முடிக்க வேண்டும்.

இறங்குவதுதான் தம் பலவீனம் என்று உலகமே சொல்லி வந்த ஒருவர், இறங்குவதற்கு இரண்டாவது வாய்ப்பே தராத கருவியை விரும்பி எடுத்துக்கொண்டார். புகழுக்காக என்றால் கிளைடரில் அவருக்குப் புதிதாகக் கிடைக்கப் போவது ஒன்றுமில்லை. பணமும் இல்லை. வால்ஸாலில் புரண்டது இந்த நாட்களில்தான். அதை வைத்து அவர் காலம் முடிந்தது என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். நமக்கோ அவருடைய வாழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. கண்டம் விட்டுக் கண்டம் பறந்தவர், மீண்டும் மாணவியாகி, ஒரு சிறு திடலில் புரண்டு, எழுந்து நின்றார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபின் 1940-இல் விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டு சேர்ப்பது அப்படையின் பணி. பத்திரிகையில் பெயர் வராத வேலை. சரக்கு வண்டி ஓட்டுவதைப் போன்றது.

1941 ஜனவரி 5-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு வகை விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டு, முன்னிரவில் சகோதரி வீட்டில் தங்கியிருந்த பிளாக்பூலிலிருந்து நண்பகலுக்குச் சற்று முன்பு புறப்பட்டார். சேர வேண்டிய இடம் ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு அருகிலுள்ள கிட்லிங்டன். பிரயாணம் ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டும். உறைபனிக் காலம், மேகம் தரையை முற்றிலும் மூடியிருந்தது. மூன்றரை மணி நேரத்துக்கு மேலாகியும் அவர் வானிலேயே இருந்தார். இறங்குவதற்கு ஒரு துண்டு நிலம் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் எப்படியோ இறங்கியிருப்பார், சேதமானாலும் எழுந்திருப்பார். அன்று நிலமே தெரியவில்லை. வழி விலகிக் கிழக்கே வெகுதூரம் வந்து, தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் ஹெர்ன் பே கரைக்கு அப்பால் பாராசூட்டில் குதித்தார். விமானம் கடலில் விழுந்தது.

அங்கே ஹேஸில்மியர் என்னும் கடற்படைக் கப்பல் இருந்தது. அலையில் ஓர் உருவம் தத்தளிப்பதைக் கண்டு கயிறு எறிந்தார்கள், எட்டவில்லை. கப்பல் தலைவர் வால்டர் பிளெட்சர் பனிக்குளிர் நீரில் தாமே குதித்தார். காப்பாற்ற முடியவில்லை. குளிரால் நினைவிழந்த அவரைக் கரை சேர்த்தும் பயனில்லாமல் உயிர் நீத்தார். எமியின் உடல் கிடைக்கவேயில்லை. பையும் சில பொருள்களும் மட்டும் மிதந்து வந்தன. அவருக்கு வயது 37. நட்புப் படையின் பீரங்கியே தவறுதலாக அவர் விமானத்தைச் சுட்டது என்று பழைய போர்வீரர் ஒருவர் 1999-இல் கூறியதும், இன்னும் பலவிதமான கதைகளும் உலவுகின்றன. அவற்றை இங்கே விரிப்பதற்கில்லை. முன்பின் தெரியாத ஒரு ஜீவனுக்காக நீரில் பாய்ந்த பிளெட்சருக்கு 1941 மே மாதத்தில் ஆல்பர்ட் பதக்கம் வழங்கப்பட்டது.

ஜேஸன் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது. மகளுடைய பதக்கங்களையும் நினைவுப் பொருள்களையும் தந்தையார் ஜான்ஸன் பல ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பாதுகாத்தார். யார்க்‌ஷயர் கடற்கரையோரம் ஸியூவர்பி என்ற மாளிகை உண்டு. 1936-இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தவர் எமியே. 1958-ஆம் ஆண்டில் தந்தையார் அவற்றையெல்லாம் அந்த மாளிகைக்குக் கொடுத்துவிட்டார்.